பெல்ட் கார்டை வீட்டிலேயே கழற்றலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை என் ஹார்லி அயர்ன் 883 பைக்கின் பெல்ட் கார்டைக் கழற்றிக் கழுவி மாட்டிய படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த வண்டியில் பின்சக்கரத்தைச் சுற்றுவது செயின் இல்லை, பெல்ட். அதை மறைக்கும் காப்புப் பட்டைதான் பெல்ட் கார்டு. நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியை வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்துத் தானே பிரித்து, சிலதைக் கெடுத்து, கெடுத்ததைச் சரிசெய்து கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். வந்ததில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கோவை): அண்ணா, செகண்ட் ஹேண்டில் 883 வாங்கியிருக்கிறேன். பெல்ட்டுக்கு மேலே ஒரு கருப்புப் பட்டை, கீழே ஒன்று. இதில் எது பெல்ட் கார்டு?

பதில்: இரண்டும்தான் தம்பி, வேலை மட்டும் வேறு. மேலே இருப்பது நம் கால், துணி, விரல் இதெல்லாம் ஓடும் பெல்ட்டில் படாமல் தடுக்கிறது. கீழே இருப்பது சக்கரம் கிளப்பும் கல்லும் மண்ணும் பெல்ட்டுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே போகாமல் தடுக்கிறது. கழுவவோ பெயின்ட் அடிக்கவோ என்றால் மேலே உள்ளதை மட்டும் கழற்றினால் போதும், பத்து நிமிட வேலை. கீழே உள்ளதுதான் படுத்தும். ஏனென்றால் 883 சேர்ந்த ஸ்போர்ட்ஸ்டர் வகை ஹார்லி வண்டிகளில் பெல்ட் வலது பக்கம், சைலன்ஸரும் வலது பக்கம், கை நுழைய இடமே இருக்காது. ஃபேட் பாய் மாதிரி பெரிய ஹார்லி வண்டிக்காரர்களுக்குப் பெல்ட் இடது பக்கம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு உட்காராதீர்கள், சைலன்ஸர் ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கேள்வி (மதுரை): கடையில் வாங்கிய ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட் இருக்கிறது, அது போதுமா?

பதில்: எந்த செட் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு. 883-இல் பெரும்பாலான போல்ட் அங்குல அளவு. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அதில் 5 நம்பர் கீ நுழையாது, 4.5 நுழைந்தாலும் ஆடும், கொஞ்சம் பலம் கொடுத்தால் போல்ட் தலையின் உள்பக்கம் வட்டமாகிவிடும். அப்படி நாசமான போல்ட்டை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன், பாதி நான் செய்தது. அங்குல ஆலன் கீ செட் ஒன்று, டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். முதலில் போல்ட் தலைக்குள் இருக்கும் அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, கீயை அடிவரை இறக்கி, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகு திருப்புங்கள். இன்னொன்று, போல்ட் தொலைந்துவிட்டது என்று பக்கத்து ஹார்டுவேர் கடையில் எம்6 (6 மி.மீ. போல்ட்) வாங்கி மாட்டாதீர்கள். கால் அங்குலத் துளையில் எம்6 லொடலொடவென்று போய் உட்காரும், மரையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நாலு நாளில் நடுரோட்டில் கழன்று விழும்.

கேள்வி (தூத்துக்குடி): போல்ட் அசையவே இல்லை. கடல்காற்று ஊர், துருப் பிடித்திருக்கிறது. எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனால் பெல்ட்டில் படக்கூடாது. செயினுக்கு எண்ணெய் உயிர், பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது. அதனால் நேராக ஸ்பிரே செய்யாமல், ஒரு மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, குச்சியில் பஞ்சு சுற்றி, போல்ட்டின் இரண்டு பக்கமும் தொட்டு வையுங்கள். பெல்ட் மேல் ஒரு பாலிதீன் பையைப் போர்த்திவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் கீயைப் போட்டு அதன் தலையில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள், அப்புறம் கழற்றும் பக்கம். துரு அப்போதுதான் உடையும். அதற்கும் வரவில்லையா, மறுபடி ஊறவையுங்கள். அவசரப்பட்டு பெரிய பைப்பைப் போட்டு மிதித்தால் தலை துண்டாகி, தண்டு ஸ்விங் ஆர்முக்குள் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) நின்றுவிடும், பிறகு லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும். சூடு காட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பிளாஸ்டிக் கார்டு, பக்கத்தில் பெல்ட், டயர். வேண்டாம் சார்.

கேள்வி (திருச்சி): கார்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, துணி வைத்துத் துடைத்தால் சீக்கிரம் சுத்தமாகும்தானே? எங்கள் மெக்கானிக் செயினுக்கு அப்படித்தான் செய்கிறார்.

பதில்: உங்கள் மெக்கானிக்குக்கு இன்னும் பத்து விரல் இருந்தால் அது அதிர்ஷ்டம். பல் சக்கரமும் பெல்ட்டும் சேரும் இடத்தில் துணி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. துணி முதலில் போகும், அதைப் பிடித்திருக்கும் விரல் பின்னால் போகும். கார்டு கழன்ற வண்டியில் என்ஜின் ஓடக்கூடாது, இதில் பேச்சே இல்லை. வண்டியை நியூட்ரலில் போடுங்கள், சாவியை வீட்டுக்குள் வையுங்கள், குழந்தைகள் சுற்றுகிறார்கள் என்றால் கட்டாயம். சக்கரத்தைக் கையால் உருட்டும்போதும் ஒரு கை டயரில் இருந்தால் மற்றக் கை பெல்ட் பக்கமே போகக்கூடாது. கொஞ்சம் உருட்டு, நிறுத்து, துடை, மறுபடி உருட்டு. சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம்.

கேள்வி (சென்னை): கார்டு இல்லாமலே வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? பின்னால் எப்போதாவது மனைவி உட்காருவார்.

பதில்: எப்போதாவது ஒரு முறை போதுமே. புடவை முந்தானையோ துப்பட்டாவோ ஓடும் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது: பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும், கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும். நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். பெல்ட் கார்டு வேறு, சாரி கார்டு வேறு, ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. 883-ஐ வாங்கியதும் பலர் முதலில் கழற்றிப் போடுவது சாரி கார்டை, அடுத்து பெல்ட் கார்டு. பின் சீட்டையும் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டுகிறேன் என்றாலும் உங்கள் பேன்ட், ஷூ லேஸ், மழைக்கோட்டு எல்லாம் அங்கேதான் பறக்கின்றன. என்னைக் கேட்டால், கழற்றிய அன்றே மாட்டிவிட வேண்டும்.

கேள்வி (சேலம்): கார்டைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் நடுவில் சின்ன ஓட்டை. பயமாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: கல் புகுந்திருக்கிறது. பல் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கல் சிக்கினால் அது பெல்ட்டைக் குத்திக்கொண்டுதான் வெளியே வரும். கீழ்க் கார்டு உடைந்திருக்கிறதா, முன்பிருந்தவர் கழற்றிப் போட்டுவிட்டாரா என்று முதலில் அதைப் பாருங்கள். ஓட்டை நடுவில் இருந்தால் உடனே பதற வேண்டாம், அடிக்கடி பார்த்து வளர்கிறதா என்று கவனித்தால் போதும். ஓரத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அங்கிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். பல் ஒன்று போயிருந்தாலோ, பல்லில் வெளியே தெரிகிற வெடிப்பு இருந்தாலோ அதுவும் மாற்ற வேண்டியதுதான். ஓரத்தில் நூல் பிசிர் மட்டும் என்றால் ஓட்டலாம், கவனித்துக்கொண்டு. ஸ்க்ரூ டிரைவரை விட்டு பெல்ட்டை நெம்பிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் இழை ஒடிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும்.

கார்டு கழன்றிருக்கும்போதே டென்ஷனையும், அதாவது பெல்ட்டின் இறுக்கத்தையும், பார்த்துவிடலாம். வண்டி ஆறியிருக்க வேண்டும். பெல்ட்டின் கீழ் ஓட்டத்தில் நடுப்பகுதியை ஏறக்குறைய நாலரை கிலோ அழுத்தத்தில் தள்ளினால் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கென்று ஸ்பிரிங் வைத்த கேஜ் கிடைக்கிறது. சக்கரத்தை உருட்டி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். எவ்வளவு நகரலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்து சரியாக இருக்கிறது என்பவரை நம்பாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

கேள்வி (புதுச்சேரி): கழற்றி மாட்டிய பிறகு ஓட்டும்போது கிர்ர் என்று ஒரு சத்தம்.

பதில்: வாஷர், காலர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, தரையைத் தேடுங்கள். எனக்கும் இதே கதை. போல்ட்டுக்கும் கார்டுக்கும் நடுவே இருந்த சின்ன உருளை காலர் உருண்டு செம்பருத்திச் செடிக்கடியில் போய்விட்டது. நான் பார்க்காமல் மாட்டிவிட்டேன், கார்டு உள்பக்கம் சாய்ந்து பெல்ட்டை உரசிக்கொண்டே இரண்டு வாரம் ஓடியது. வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் புது பேரிங்கே வாங்கிவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் காலர் கிடைத்தது. இன்னொரு காரணம், நீளமான போல்ட். ஸ்டெயின்லெஸ் போட்டால் துருப் பிடிக்காது என்று மாற்றுகிறவர்கள் நீளத்தைப் பார்ப்பதில்லை, நாலைந்து மில்லிமீட்டர் கூடினாலும் நுனி பெல்ட்டையோ டயரையோ தொடலாம். பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி ஏற்றி, கார்டை நேராக்கி, அப்புறம் இறுக்குங்கள். மரையில் நீல லாக்டைட் (போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றத் தீ காட்ட வேண்டும், பிளாஸ்டிக் கார்டின் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாட்டி முடித்ததும் சக்கரத்தைக் கையால் மூன்று சுற்று சுற்றிக் காதை வைத்துக் கேளுங்கள்.

கேள்வி (பெங்களூரு): என் கார்டின் ஒரு போல்ட் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டோடு சேர்ந்திருக்கிறது. கழற்றலாமா?

பதில்: அப்படியே கழற்றினால் அந்தப் பக்கம் ஷாக்கின் பிடி போய்விடும். முதலில் ஃபிரேமுக்கு அடியில் ஜாக் கொடுத்துப் பின்பக்க எடையைத் தாங்க வையுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. திருப்பி மாட்டும்போது அதற்கான டார்க் அளவு (எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்பது) மேனுவலில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இந்த ஒரு போல்ட்டுக்காவது கடைக்குப் போங்கள்.

கேள்வி (ஈரோடு): என் ஆக்டிவாவிலும் பெல்ட் இருக்கிறதே, இதே முறைதானா?

பதில்: இல்லை சார். அது கேஸுக்குள் இருக்கும் வி-பெல்ட், கியருக்குப் பதிலாக வேலை செய்வது. அதன் மூடியைத் திறப்பது தனிக் கதை.

கேள்வி (திண்டுக்கல்): ஸ்ப்ளெண்டர் செயின் கவரை எடுத்துவிட்டால் ஸ்டைலாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான்.

பதில்: அந்த முழு மூடி செயினில் தூசியும் மழைத்தண்ணீரும் படாமல் காப்பதால்தான் அந்தச் செயின் அவ்வளவு நாள் உழைக்கிறது. எடுத்துவிட்டால் வாரா வாரம் துடைத்து எண்ணெய் போடத் தம்பி தயாரா என்று கேளுங்கள். தயார் என்பான். இரண்டாவது வாரம் நீங்கள்தான் செய்வீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கழற்றுகிற போல்ட்டை எல்லாம் எதில் போட்டு வைப்பீர்கள்? எனக்கு எப்போதும் ஒன்று குறைகிறது.

பதில்: பழைய இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு போல்ட், அதனுடைய வாஷர், காலர் அதே குழியில், கழற்றிய வரிசையில். செம்பருத்திச் செடி சம்பவத்துக்குப் பிறகு பிடித்த வழி இது. பழைய தட்டு என்பதை மட்டும் வீட்டில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், நான் முதல் தடவை எடுத்தது பழையது இல்லை.