தமிழில் அடிக்கடி பார்க்கும் பிழைகளில் உங்களுக்கு மிகவும் எரிச்சல் தருவது எது?

சுவற்றில்.

"இந்தச் சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்" என்ற வரி எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. பள்ளிக்கூட மதிலில்கூட அப்படித்தான். ஊர் என்பது ஊரில் ஆகிறது, தேர் என்பது தேரில் ஆகிறது. சுவர் மட்டும் ஏன் சுவற்றில் ஆக வேண்டும்? சுவரில்தான் சரி. கிணறு, வயிறு, சோறு மாதிரி 'று' என்று முடியும் சொற்களுக்குத்தான் கிணற்றில், வயிற்றில், சோற்றில் என்று றகரம் இரட்டிக்கும்.

இது எப்படி நுழைந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். பேச்சில் கிணத்துல, வயித்துல என்கிறோம். அதே போக்கில் செவுத்துல என்றும் சொல்கிறோம். எழுத உட்கார்ந்தால் கிணத்துல என்பது கிணற்றில் ஆகிறதே, அப்போது செவுத்துல சுவற்றில்தானே என்று கை போய்விடுகிறது. திருத்தமாக எழுத நினைத்து வந்த பிழை. அதனால் செவுத்துல என்று பேசுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் அம்மாவும் அப்படித்தான் பேசுவார். எழுத்தில் நிலைத்துவிடுவதுதான் தாங்கவில்லை.

செய்திகளில் வரும் 'முயற்சித்தார்' இன்னொன்று. முயன்றார் என்ற அழகான சொல் இருக்கிறது. அப்புறம் 'ஒவ்வொரு மாணவர்களும்'. ஒவ்வொரு என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு?

ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றாகவே கேட்பதால் வரும் குழப்பம் தனி. மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. ரசீதுகளில் பெரும்பாலும் 'முன்னூறு' என்றே பார்க்கிறேன். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். ஒருமுறை ஒரு கடைப் பலகைக்கு 'தேனீர் நிலையம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தேயிலையின் 'தே'யோடு நீர் சேர்ந்தால் தேநீர், தேனீர் என்றால் தேன் கலந்த நீர் ஆகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாக் கடையிலும் இப்படித்தான் போட்டிருக்கு தம்பி. மாத்தினா நம்ம கடைதான் தப்பாத் தெரியும்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பலகை அப்படியே போனது. வேலைக்குப் போகிற வழியில் தினமும் அதைப் பார்க்கிறேன்.