துப்பாக்கி இல்லாமல் பாய்மரப் படகில் அரபிக்கடல்: ஒன்பது நிமிடக் கணக்கு

கேள்வி: கொச்சியிலிருந்து ஓமானின் சலாலா போய், அங்கிருந்து செங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்கு 38 அடி பாய்மரப் படகில் போக நானும் என் மனைவியும் திட்டமிட்டிருக்கிறோம். ஜனவரியில் கிளம்புவோம். துப்பாக்கி வைத்துக்கொள்ள இருவருக்குமே விருப்பமில்லை. மிளகாய்ப்பொடி, ஒளிவெடி (ஆபத்தை அறிவிக்கும் ஃப்ளேர்), மின்வேலி இவற்றில் எது கொள்ளையரைத் தடுக்கும்?

பதில்: எதை எடுத்துக்கொள்வது என்று பார்க்கும் முன், இந்த வழியில் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 2011 பிப்ரவரியில் மும்பையிலிருந்து இதே சலாலாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘குவெஸ்ட்’ என்ற பாய்மரப் படகு ஓமானுக்கு அப்பால் பிடிபட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அருகிலேயே நின்றும் படகில் இருந்த நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2009 அக்டோபரில் செஷல்ஸ் அருகே ‘லின் ரைவல்’ படகில் பிடிபட்ட தம்பதி 388 நாள் சோமாலியாவில் பிணையாக இருந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் அடங்கியிருந்த கொள்ளை 2023 இறுதியில் மறுபடி தலைதூக்கியது. அந்த டிசம்பரில் கடத்தப்பட்ட ‘ரூயன்’ சரக்குக் கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டபோது சரணடைந்தவர்கள் 35 பேர். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படை 2023 நவம்பரில் தொடங்கிய தாக்குதல்கள் வேறு. அந்தப் பகுதிக்குள் சிறு படகுகள் வரவே வேண்டாம் என்பதுதான் கடற்படைகள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் அறிவுரை. படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்புவது, அல்லது நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போவது என இரண்டு மாற்று வழிகள் இருக்கின்றன. இரண்டுமே செலவும் நாளும் பிடிப்பவை. இருந்தாலும் என் பரிந்துரை அவற்றில் ஒன்றுதான்.

அரபிக்கடலைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் கணக்கை இப்படிப் போடுங்கள். கொச்சி–சலாலா ஏறத்தாழ 1350 கடல் மைல்; ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல் மைல்) வேகத்தில் பத்து நாள். வாடைக் காற்று சீராக வீசும் ஜனவரி முதல் மார்ச் வரை உங்களுக்கு ஏற்ற பருவம். அலை தணிந்த அதே பருவம்தான் கொள்ளையரின் சிறு படகுகளுக்கும் ஏற்றது. நம் கரைகளில் ஓடும் ஃபைபர் படகு போன்ற அவை 25 நாட் வரை ஓடும். உங்கள் வேகம் 6 என்றால் பின்னாலிருந்து வருபவர் மணிக்கு 19 மைல் வீதம் நெருங்குகிறார். தளத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் தொடுவானம் 3 மைல் தூரத்தில். ஆக, கண்ணில் பட்டதிலிருந்து உங்கள் பக்கத்தில் வந்து நிற்க ஒன்பதரை நிமிடம். அலைமேடுகளுக்கு நடுவே ஃபைபர் உடல் ரேடாரிலும் மங்கலாகத்தான் தெரியும். பல நேரம் தெரியவே தெரியாது. துப்பாக்கி இல்லாதவருக்குப் பாதுகாப்பு என்பது இந்த ஒன்பது நிமிடத்தை நீட்டுவதும் வீணாக்காமல் இருப்பதும்தான். விடியலிலும் அந்தியிலும் ஒருவர் சமைக்க ஒருவர் தூங்க என்று இருக்காதீர்கள். அந்த நேரங்களில் இருவருமே மேலே இருக்க வேண்டும், ஒருவர் பின்பக்கம் மட்டுமே பார்க்க வேண்டும்.

உங்கள் முதல் ஆயுதம், கப்பல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ. மூடிக்குள் இருக்கும் ஆபத்து அழைப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன், ஆபத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ‘கடற்கொள்ளை’ என்றே ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்து, ரேடியோ ஒலி எழுப்பும் வரை பொத்தானை விடாமல் பிடியுங்கள். பிறகு 16-ஆம் சேனலில் பேசுங்கள். இங்கே வழக்கமாகக் கோளாறாவது இரண்டு. ஜிபிஎஸ் கம்பி ரேடியோவுடன் இணைக்கப்படாமல் இருக்கும். அழைப்பு போகும், இருப்பிடம் போகாது. மற்றது, பாய்மர உச்சியில் இருக்கும் ஆன்டெனா இணைப்புக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். துறைமுகத்தில் நன்றாகக் கேட்கும் ரேடியோ 5 மைலுக்கு அப்பால் ஊமையாகிவிடும். கிளம்பும் முன் 15 மைல் தள்ளி இருக்கும் ஒரு கப்பலுடன் பேசிப் பார்த்துவிடுங்கள். கையடக்க ரேடியோவின் 5 வாட் இதற்குப் போதாது.

பயணத்தை யுகேஎம்டிஓ என்ற பிரிட்டன் நடத்தும் கப்பல் பாதுகாப்புத் தகவல் மையத்தில் முன்கூட்டியே பதிந்து, தினமும் இருப்பிடம் அனுப்புங்கள். அதன் எண்ணும் எல்லைகளும் க்யூ6099 என்ற பாதுகாப்பு வரைபடத்தில் இருக்கின்றன. எண்ணைச் செயற்கைக்கோள் தொலைபேசியில் நாட்டுக் குறியீட்டுடன் சேமியுங்கள். முன்பணச் சிம் நடுக்கடலில் காலாவதியாவது அடிக்கடி நடக்கிறது, தேதியைப் பாருங்கள்.

நெருங்கி வரும் படகு பெரும்பாலும் மீனவருடையதுதான். வலை அறுபடாமல் இருக்கவோ, குடிநீர் கேட்கவோ வேகமாக வருவார்கள். 30 பாகை திசை மாற்றிப் பாருங்கள்; மீனவர் தன் வலைப்பக்கம் திரும்பிவிடுவார். வலையே இல்லாமல் ஏழெட்டுப் பேர், கூடுதல் எரிபொருள் பீப்பாய், முக்கியமாக ஏணி அல்லது கொக்கி கண்ணில் பட்டால் அப்போதே பொத்தானை அழுத்துங்கள். உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் ஒன்பது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று. மிளகாய்ப்பொடி காற்றில் திரும்பி உங்கள் கண்ணில்தான் விழும். மின்வேலி உப்பு படிந்ததும் கசியத் தொடங்கும், இரவில் பாயைச் சுருக்கப் போகும் உங்கள் மனைவியின் கையைத்தான் முதலில் தாக்கும். பாராசூட் ஒளிவெடி 300 மீட்டர் மேலே போய் 40 விநாடி எரியும். கப்பல் கண்ணில் தெரிந்தால் அழைப்புக்கு அதைவிட நல்லது இல்லை. அதை மனிதரை நோக்கி நீட்டினால் பதிலுக்கு வருவது ஏகே-47 குண்டு. பின்னால் கயிறு இழுத்துச் செல்லும் யோசனையும் வேண்டாம், வேகம் குறைந்ததும் அது உங்கள் சுழலியில்தான் (புரொப்பெல்லர்) சிக்கும்.

பணத்தைக் கதவில் போடுங்கள். அறைக்கு இறங்கும் வாயிலின் பலகைகளை 12 மி.மீ. பாலிகார்பனேட்டாக மாற்றி, தாழ்ப்பாளை உள்ளே வையுங்கள். அக்ரிலிக் வேண்டாம், பலமாக அடித்தால் உடையும். கூரைத் திறப்புகளுக்கு 10 மி.மீ. 316 ரகத் துருப்பிடிக்காத கம்பி, 12 செ.மீ. இடைவெளியில். ஒரு திறப்பின் கம்பிச் சட்டமாவது உள்ளிருந்து ஊசியை உருவினால் கழன்றுவிட வேண்டும்; தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். பின்பக்கத்து நீச்சல் ஏணியைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஏறி வருபவருக்கு நாமே வைத்த படிக்கட்டு அது.

நங்கூரமிட்ட இரவுகளில் வருபவர் பெரும்பாலும் திருடர். அவருக்கு வேண்டியது தூங்கும் படகு. 1896-இல் மகெல்லன் நீரிணையில் தனியாகப் போன ஜோசுவா ஸ்லோகம் தளமெங்கும் சிற்றாணிகளைத் தூவிவிட்டுத் தூங்கினார். ஏறியவர்கள் அலறியடித்துக் குதித்தார்கள். இன்று அதே வேலையை அசைவு உணரியும் 120 டெசிபெல் சைரனும் தள விளக்கும் செய்யும், உங்கள் காலும் தப்பும். கரைக்குப் போய்வர வைத்திருக்கும் உங்கள் சிறு படகையும் அதன் எஞ்சினையும் தண்ணீரில் விடாமல் தூக்கிக் கட்டுங்கள்.

கதவு தாங்குவது உதவி பக்கத்தில் இருந்தால்தான் பயன். ஆயுதத்துடன் தளத்தில் ஏறிவிட்டார்கள், கப்பல் எதுவும் அருகில் இல்லை என்றால் எதிர்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கைகள் தெரியும்படி இருவரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். படம் எடுக்க வேண்டாம். உங்களை மீட்கக் கடற்படை ஏறும்போது தரையில் குப்புறப் படுத்து, வெறுங்கைகளைத் தலைக்கு மேல் விரித்து வையுங்கள். டார்ச்சோ தொலைபேசியோ கையில் இருக்கக் கூடாது. உள்ளே வரும் வீரருக்கு யார் பிணை, யார் கொள்ளையர் என்பது முதல் விநாடியில் தெரியாது.