முயல் வாங்குவதற்கு முன்னால் அதன் வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி: எங்களிடம் ஆடுகள் இருக்கின்றன. கொட்டகையில் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது, அங்கே முயல் வளர்க்கலாமா என்று யோசனை. ஒருவர் ஏழு பெட்டை, மூன்று ஆண் என்று ஒரு யூனிட்டாகத் தருகிறேன், குட்டிகளை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முயல் திடீர் திடீரென்று செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முயல் சாகும், ஆனால் பெரும்பாலும் திடீரென்று இல்லை. மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி என்பதால் நோய் வந்தாலும் கடைசி வரை வெளியே காட்டாது. காலையில் செத்துக் கிடக்கும் முயலின் வயிறு அநேகமாக அதற்கு முந்தைய நாளே கெட்டுப்போயிருக்கும், நாம்தான் பார்த்திருக்க மாட்டோம். அதனால் பத்து முயலோடு ஆரம்பிக்காதீர்கள். மூன்று பெட்டை, ஒரு ஆண் போதும், மூன்று மாத வயதில் வாங்குங்கள். பெட்டை இனச்சேர்க்கைக்குத் தயாராக ஐந்தாறு மாதம் ஆகும், ஆணுக்கு இன்னும் ஒரு மாதம் கூட. அதற்குள் தீவனம் வைப்பதும் புழுக்கை பார்ப்பதும் உங்கள் கைக்குப் பழகிவிடும்.

புழுக்கையைப் பார்ப்பதுதான் முயல் வளர்ப்பில் பாதி வேலை. உருண்டையாக, காய்ந்து, ஒரே அளவில் இருந்தால் வயிறு சரி. சிறுத்துப்போனாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, பின்பக்கம் ஈரமாக ஒட்டிக் கிடந்தாலோ அன்றைக்கே கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கிற முயலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. சில சமயம் அது குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே மெத்தென்ற புழுக்கையை எடுத்துத் தின்னும், புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோயில்லை. ஆடு அசைபோடுகிற மாதிரி, முதல் தடவை செரிக்காமல் போன சத்தை முயல் அப்படித்தான் இரண்டாவது தடவை எடுத்துக்கொள்கிறது.

தீவனத்தில் முதலிடம் நார்ச்சத்துக்கு. காய்ந்த நல்ல புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பசுந்தீவனத்தை வெட்டியவுடன் போடாமல் சில மணி நேரம் வாடவிட்டுப் போடுங்கள், பனி நனைந்ததும் சூடேறிக் குவிந்து கிடந்ததும் வேண்டாம். அகத்தி, வேலிமசால், குதிரைமசால் எல்லாம் ஆசையாகத் தின்னும், ஆனால் அதை மட்டுமே போட்டால் வயிறு உப்பும். தானியம், புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் பெரிய முயலுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம், பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூட. எதை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். வாங்கி வரும்போதே பழைய இடத்துத் தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கிவிடுங்கள், வந்த முதல் வாரத்தில் சாகும் முயல்களில் பல பயணக் களைப்போடு தீவனமும் ஒரே நாளில் மாறியதால் போனவை. முயல் ராத்திரியில்தான் அதிகம் தின்னும் என்பதால் பெரிய பங்கை சாயங்காலம் வையுங்கள். தண்ணீர் எந்நேரமும் வேண்டும்.

ஆட்டுக் கொட்டகை ஓரம் பரவாயில்லை, ஆனால் தரையில் விடாதீர்கள். தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் கம்பி வலைக் கூண்டு, ஒரு பெரிய முயலுக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரம். அடிவலையின் கண் அரை அங்குலம் இருந்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும், கால் சிக்காது. கம்பியிலேயே உட்கார்ந்து பின்னங்கால் அடி புண்ணாகாமல் இருக்க ஒரு மூலையில் பலகை போடுங்கள், பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கடிக்க ஒரு மரக்கட்டையும். சிறுநீர் வாடை கண்ணை எரிக்கும் அளவுக்கு இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, மூக்கு ஒழுகும் நோய் அங்கேதான் தொடங்கும். நாய், பூனை, எலி உள்ளே வராமல் அடைக்க வேண்டும். நாய் உள்ளே வராமல் வெளியிலிருந்து குரைத்தாலே சினை முயல் மிரண்டுவிடும். குட்டிகளுக்கு எறும்பும் எமன்தான், கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் வெயில். குளிரை முயல் தாங்கும், சூட்டைத் தாங்காது. அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூடு பெரும்பாலும் வெளியேறும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் ஆண் முயலின் விந்து வீரியம் குறையும், வெயில் தணிந்த பிறகும் அது பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். பெட்டை சினை நிற்கவில்லை என்று அதையே குறை சொல்வதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

இனச்சேர்க்கைக்குப் பெட்டையை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் பெட்டை சண்டைக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 27, 28ஆம் நாளில் காய்ந்த புல் போட்ட பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள், தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போடும். தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும், குட்டியைத் திரும்பியே பார்க்கவில்லையே என்று பதறித் தாயைப் பிடித்து அழுத்தாதீர்கள். குட்டி வயிறு உருண்டிருந்தால் குடித்திருக்கிறது, சுருங்கியிருந்தால்தான் நாம் தலையிட வேண்டும். கண் திறக்க பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

மருந்து விஷயத்தில் ஆட்டுப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து முயலும் போய்விடும். காதுக்குள் பொருக்குக் கட்டும் சொறிக்கும், குட்டிகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலுக்கும் நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

வாங்கும்போது காதுக்குள் பாருங்கள், முன்னங்கால் உள்பக்க முடி சடை பிடித்திருந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். ஆணா பெட்டையா என்பதைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆண் முயல் வேறு இடத்து ரத்தமாக இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை கழுத்துத் தோலில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில், இல்லையென்றால் உதைத்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளும்.

ஏழுக்கு மூன்று ஆண் தேவையே இல்லை, ஒரு ஆண் எட்டு, பத்துப் பெட்டைக்குப் போதும், கூடுதலாக வேண்டுமானால் மாற்றுக்கு ஒன்று. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்பவரிடம், அவர் இதுவரை வாங்கிய குட்டிகளைக் கறிக்கு விற்றாரா, அல்லது உங்களைப் போல் புதிதாக வருகிறவர்களிடம் யூனிட்டாக விற்றாரா என்று கேளுங்கள். இரண்டாவது பதில்தான் வருகிறது என்றால், புதிய ஆள் வருவது நின்ற அன்றைக்கு உங்கள் குட்டியை வாங்கவும் ஆள் இருக்காது. யார் வாங்குவார் என்பதை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு பெட்டையை ஆண் கூண்டில் விடுங்கள்.