அழைப்பு கேட்கிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவில்லை: ஒரு பதில்

வணக்கம். சென்ற மாதம்வரை கேபிள் இல்லாமலே காரின் திரையில் வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் வரைபடம், பாட்டு போன்றவற்றைக் காரின் திரையில் காட்டும் வசதி) இப்போது கேபிளைச் செருகினால்தான் வருகிறது என்றும், அழைப்புகள் மட்டும் வழக்கம்போல் கேட்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புளூடூத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஏனெனில் அழைப்புகள் கேட்பது புளூடூத் வழியாகத்தான். ஆண்ட்ராய்டு ஆட்டோவைப் பொறுத்தவரை புளூடூத் இரு கருவிகளையும் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி, வரைபடமும் பாட்டும் திரைக்குச் செல்வது வைஃபை வழியாக, பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான். ஆகவே முதலில் போனில் வைஃபை இயங்குகிறதா, ஹாட்ஸ்பாட்டும் விபிஎன் செயலியும் (போனின் இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது) அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். (எனக்குச் சந்தேகம் விபிஎன் மீதுதான், அதை ஓடவிட்டதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.) அதன் பிறகும் வராவிட்டால், காரின் பட்டியலிலிருந்து போனையும் போனின் பட்டியலிலிருந்து காரையும் நீக்கிவிட்டு, இரண்டையும் ஒருமுறை அணைத்து இயக்கியபின் புதிதாக இணையுங்கள், ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் பழைய பதிவு மறுபக்கம் தங்கிவிடும். போனில் உள்ள அனைத்தையும் அழிக்கும் முழு ரீசெட் இதற்குத் தேவைப்படாது.