பழைய சிபியுவில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: கேட்டவையும் பதில்களும்

கும்பகோணம், பாத்திரக்கடை: 2010-ல வாங்கின சிஸ்டம் சார். கோர் 2 டியோ, ஜி31 போர்டு, 320 ஜிபி டிஸ்க் நிரம்பிடுச்சு. இன்னொண்ணு போட இடம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

காசு கொடுப்பதற்கு முன் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் உள்ள மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பிறகு மூன்றைப் பாருங்கள்: போர்டில் காலியான சாட்டா போர்ட் (டிஸ்க்கின் டேட்டா கேபிள் செருகும் இடம்), எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சிபியுவுக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் வயர்களில் காலியான சாட்டா பவர் முனை, டிஸ்க் செருகக் காலித் தட்டு. ஜி31 போர்டுகளில் பெரும்பாலும் நான்கு சாட்டா போர்ட் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று போக இரண்டு மிஞ்சும். அப்படி மிஞ்சாவிட்டாலும் கவலையில்லை. டிவிடி டிரைவை யார் தொடுகிறார்கள் இப்போது? அதன் இரண்டு கேபிளையும் புது டிஸ்க்குக்குக் கொடுத்துவிடலாம்.

உங்கள் போர்டின் வேகம் விநாடிக்கு 3 ஜிகாபிட், புது டிஸ்க் 6 என்று கடையில் பயமுறுத்துவார்கள். சுழலும் டிஸ்க் விநாடிக்கு 200 எம்பி தருவதே அதிகம். 3 ஜிகாபிட்டில் 300 எம்பி வரை போகும் என்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

மன்னார்குடி, ரைஸ் மில் ஆபீஸ்: அண்ணே, எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்னு போட்டிருக்கு. ரெண்டு டிஸ்க்கைத் தாங்குமா?

பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விடுங்கள் தம்பி. ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12 × 14 = 168 வாட், உண்மையான பலம் அவ்வளவுதான். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர், அதாவது 24 வாட் இழுக்கும். ஓட ஆரம்பித்தபின் 6 முதல் 10 வாட்டோடு அடங்கிவிடும். 65 வாட் பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் 14 ஆம்பியர் தாராளம்.

ஆனால் பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ் எழுதியிருப்பதைத் தராது. இரண்டாவது டிஸ்க் போட்டபின் ஆன் செய்ததும் சிஸ்டம் ஒருமுறை அணைந்து மறுபடி கிளம்பினாலோ, டிஸ்க் 'டிக்… டிக்' என்று அடித்து நின்று மறுபடி சுழன்றாலோ முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். டிஸ்க்கை உடனே குறை சொல்லித் திருப்பாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

சாட்டா பவர் முனை இல்லாமல் பழைய நான்கு பின் மோலெக்ஸ் மட்டும் இருந்தால் கன்வெர்ட்டர் போடலாம். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: முனை ஒரே கட்டியாக பிளாஸ்டிக் வார்த்ததாக இருந்தால் வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கி உரசி, உருகித் தீப்பிடித்தவை இந்த ரகம்தான். வயர்கள் தனித்தனியாக உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மில் என்பதால் இன்னொன்று: தவிட்டுத் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் ஃபேனில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். திறந்ததுதான் திறந்தீர்கள், புளோயரால் ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும்.

தஞ்சாவூர், போட்டோ ஸ்டூடியோ: கல்யாண வீடியோ வைக்க 4 டிபி வாங்கினேன். 2 டிபிதான் ஃபார்மட் ஆகுது, மீதி கறுப்புப் பட்டையா நிக்குது. போலி டிஸ்க்கா?

போலி இல்லை. முதன்முதலில் டிஸ்க்கைத் தயார் செய்யும்போது விண்டோஸ் 'எம்பிஆரா, ஜிபிடியா' என்று கேட்டிருக்கும். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்து வைக்கும் இரண்டு முறைகள் இவை. நீங்கள் எம்பிஆரை விட்டிருப்பீர்கள். எம்பிஆர் இடத்தை 512 பைட் துண்டுகளாக, 32 பிட் எண்ணில் எண்ணும். அந்த எண் 2,048 ஜிபியோடு தீர்ந்துவிடுகிறது. விண்டோஸ் கணக்கில் 4 டிபி என்பது சுமார் 3,726 ஜிபி, ஆகவே 1,678 ஜிபி அநாதையாக நிற்கிறது.

அந்த டிஸ்க்கில் ஏற்றியதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். புது டிஸ்க்கின் பகுதியை டெலிட் வால்யூம் கொடுத்து அழியுங்கள். இடப்பக்கம் 'டிஸ்க் 1' என்று எழுதிய கட்டத்தில் வலது கிளிக் செய்தால் கன்வெர்ட் டு ஜிபிடி வரும். 'டிஸ்க் 0' பெரும்பாலும் விண்டோஸ் இருப்பது. எண்ணை மட்டும் நம்பாமல் அளவைப் பார்த்துத் தொடுங்கள். பிறகு நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட்.

விண்டோஸ் 7-ல் பழைய பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் மென்பொருள்) இருந்தாலும் ஜிபிடி டிஸ்க்கில் கோப்பு வைக்கலாம், அதிலிருந்து பூட் செய்யத்தான், அதாவது விண்டோஸைக் கிளப்பத்தான், முடியாது. 32 பிட் எக்ஸ்பி என்றால் ஜிபிடியே புரியாது. 2 டிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருவாரூர்: எல்லாம் மாட்டியாச்சு சார். மை கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல.

முதலில் பயாஸில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் வயரிங் சரி. மேலே தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன டிஸ்க் மேனேஜ்மென்ட் வேலைதான் பாக்கி. புது டிஸ்க்குக்கு டிரைவ் லெட்டர் கொடுக்கும்வரை மை கம்ப்யூட்டரில் தலைகாட்டாது. பயாஸிலேயே இல்லை என்றால் டிஸ்க்கைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இருந்தால் பவர் போகிறது, டேட்டா கேபிளை மாற்றுங்கள், அல்லது அந்தப் போர்ட் பயாஸில் டிசேபிள் ஆகியிருக்கும். அதிர்வே இல்லை என்றால் பவர் முனை.

பயாஸுக்குள் போனவர்கள் சாட்டா மோடை (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றிவிட்டு வரும் பழக்கம் இருக்கிறது. மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். திரும்பப் பழையபடி வைத்தால் சரியாகிவிடும்.

மயிலாடுதுறை, டிடிபி சென்டர்: பழைய ஐடிஇ டிஸ்க் 80 ஜிபி ஒண்ணு கிடக்கு. அதைச் சேர்க்கலாமா?

ஐடிஇ என்பது சாட்டாவுக்கு முந்தைய, பட்டைக் கேபிள் ரகம். உள்ளே இருப்பதை எடுக்க மட்டும் மாட்டுங்கள். பட்டைக் கேபிளின் நீல முனை போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). டிஸ்க்கின் பின்னால் ஜம்பரும் (பின்களை இணைக்கும் சிறு மூடி) அதற்கேற்ப. கேபிளில் சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதல் பின் பக்கம் வரவேண்டும். எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள், அந்த வயது டிஸ்க்கை நம்பி இனி எதையும் வைக்கக் கூடாது.

நாகப்பட்டினம்: கேபினட்டைத் தொட்டா சுருக்குனு இருக்கு. இதோட புது டிஸ்க் மாட்டலாமா?

கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் வயரை நம்பி இருப்பவை. எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பில் பாதி வோல்ட்டேஜ், 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரண்ட் சொற்பம், சுருக்கென்று அடிப்பதோடு நிற்கும். ஆனால் ஆனில் வைத்துக் கேபிள் செருகினால் போர்ட் போய்விடும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு பின் கன்வெர்ட்டர் பிளக் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் சாட்டா முனைகளில் படலம் பிடிக்கும். சிஸ்டம் திணறினால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற டிஸ்க் பரிசோதனை மென்பொருளில் 'சி7' என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் குற்றம் கேபிளில். '05', 'சி5' ஏறினால் டிஸ்க்கே போகிறது, உடனே காப்பி எடுங்கள். ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று டிஸ்க்கின் மூடியில் உள்ள சிறு துளையில் டேப் ஒட்டாதீர்கள். அது காற்றழுத்தம் சமன் ஆவதற்கு.

வேதாரண்யம்: ரெண்டாவது டிஸ்க்ல ஒரு காப்பி போட்டுட்டா பேக்கப் ஆச்சா?

ஆகாது. ஐப்பசி இடியில் எஸ்எம்பிஎஸ் போனால் ஒரே வயரில் தொங்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து போகும். யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, பிடுங்கி, பீரோவில் வையுங்கள்.

பாபநாசம்: எஸ்எஸ்டி வாங்கி அதுல விண்டோஸ், பழசு ரெண்டாவதா. சரியா?

சரிதான். எஸ்எஸ்டி என்பது சுழலாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், பழைய சிஸ்டத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் கோப்புகள் பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னாளில் அதைக் கழற்றினால் எஸ்எஸ்டியும் கிளம்பாது. ஸ்க்ரூவையும் கலந்துவிடாதீர்கள்: 3.5 இன்ச் டிஸ்க்குக்கு அகல மரை, எஸ்எஸ்டிக்கு எம்3 நுண் மரை. மாற்றி முறுக்கினால் ஓட்டை கெட்டுவிடும்.