வாசகர் கேள்வி பதில்: சுவரில் ஏறும் பச்சை

கே: சாயம் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகக் கறை. மறுபடி அடிக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

ப: அடிக்காதீர்கள் அம்மா. அது பாசி, மேலே சாயம் பூசினால் தோல்போல உரிந்துவிடும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, வெயில் ஏறுமுன் பூசி, 15 நிமிடம் விட்டு நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். பிளீச்சைக் கழிவறை ஆசிட்டோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். வாட்டர் ஜெட்டா? பழைய பூச்சு பெயர்ந்துவிடும்.

கறைக்குக் காரணம் பெரும்பாலும் கூரைத் தண்ணீர். தகர விளிம்பிலிருந்து மண்ணில் விழுந்து சுவரில் தெறிக்கும். கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடித்து ஓடவிடும் பீலி மாட்டுங்கள், சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபின் சீலர் (சாயத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) ஒரு கோட், வெளிச்சுவர் சாயம் இரண்டு கோட்.