லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கும் நம் தூக்கமும்

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கை நண்பர்களுடன் மாலை வேளைகளில் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தோம். 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கும்போது தூக்கத்தைத் தொலைக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: முழுவதுமாகத் தொலைக்க வேண்டியதில்லை. பாரிஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரமே பின்தங்கியிருந்ததால், 2024 ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று நம் ஹாக்கி அணி வெண்கலம் பெற்ற ஆட்டத்தை மாலையிலேயே பார்க்க முடிந்தது. கேரளத்துக் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷுக்கு அதுவே கடைசி ஆட்டம் என்பதை உங்கள் எல்லைப்புறத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸோ கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும் போட்டியை, மறுநாள் காலை 6.30-க்குத் தேநீர் அருந்தியபடியே நீங்கள் பார்க்கலாம். (1984-இல் பி.டி. உஷா நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததும் அதே நகரில்தான்.) அங்கே பிற்பகலில் நடப்பவைதாம் நம் நள்ளிரவைத் தின்னும்; இறுதிப் போட்டியாக இல்லாவிட்டால், அவற்றுக்கு மறு ஒளிபரப்பே போதும் என்பேன்.